மாமாவுக்கு வந்த காய்ச்சல்

இயேசு மரி சூசை துணை

மரக்காணம்
9-6-2024

அன்புத் தங்கச்சி மேரிசெல்விக்கு அக்கா சவரியம்மாள் எழுதுவது.

நீ மலைக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. குளிர் பழகிவிட்டதா? குழந்தை அமலிக்கு மூச்சு இழுப்பு ஏதும் வரவில்லையே? இங்கே எனக்குக் கால் வெடிப்பைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. மாமாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள்.

போன் போட்டால் சிக்னல் கிடைப்பதில்லை. கிடைத்த இரண்டு தடவையும் நாம் சண்டை போட்டுத்தான் போனை வைத்தோம். அதனால்தான் கடுதாசி. இதிலே அடித்துத் திருத்தி எழுதலாம்.

உப்பளத்துக்குப் போகிற வழியில்தான் உன் புது வீடு. பச்சை கிரில் கேட், உள்ளே டைல்ஸ், பூட்டிக் கிடக்கிறது. தினமும் நான் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். கூடை தூக்குகிற பெண்கள் கேட்கிறார்கள்: "உன் தங்கச்சிக்கு இன்சூரன்ஸ் பணம் கொட்டிக்கிச்சாமே, அக்காவுக்கு ஒண்ணும் செய்யலயா?" நான் சிரித்து மழுப்புகிறேன்.

எனக்கும் யோசனை வருகிறது, மேரி. உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே மேடையில் ஸ்பீக்கர் தூக்கியவர்கள். எந்தக் கம்பெனியிலும் நிரந்தர ஆளில்லை. இன்றைக்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா, நாளைக்கு ஒரு கட்சிக் கூட்டம், கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். ஏஜென்ட் சிவஞானமும் ஒரே நாளில்தான் நம் இரண்டு வீட்டுக்கும் வந்தார். "எம் புருஷன் சாவுக்கு நான் பணம் கட்டணுமா?" என்று கேட்டு அவரை வாசலோடு அனுப்பியவள் நான். நீ உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாய். அந்த ஒரு டீயில் யார் எங்கே வந்து நிற்கிறோம், பார்.

சாவி யாரிடம் இருக்கிறது? பூட்டிய வீட்டில் கறையான் ஏறும். என்னிடம் கொடுத்தால் வாரம் ஒரு தடவை பெருக்கித் துடைப்பேன்.

அமலிக்கு என் முத்தம்.

உன் அக்கா
சவரி


ஜமுனாமரத்தூர்
2-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அமலிக்கு இழுப்பு இல்லை, இங்கே காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது. எனக்குத்தான் விடியற்காலைத் தண்ணீரில் கை விறைத்துப் போகிறது. கன்னியாஸ்திரிகள் நல்லவர்கள். அவர்கள் விடுதியில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு மூன்று வேளை சமைக்கிறேன். உன் கால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் போடு.

சாவி பங்குச் சாமியாரிடம் இருக்கிறது. கறையானுக்கு மருந்து அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஏன் வீட்டைக் கட்டிவிட்டு இங்கே வந்தாய் என்று நீ கேட்கவில்லை. இங்கே மைக் செட் சத்தம் கிடையாது, அக்கா. அதுதான் காரணம். நம் ஊரில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்றாலும் யாராவது மைக்கைத் தட்டி 'ஹலோ, செக்' என்பார்கள். எனக்கு அது அவர் குரலாகவே கேட்கிறது.

உப்பளத்துப் பெண்களிடம் என் பதிலாக இதைச் சொல். கிரில் கேட்டும் டைல்ஸும் அவர்களுக்கு. அவர்கள் வீட்டில் சாயங்காலம் வந்து சோறு கேட்கிற ஆளை எனக்கு அனுப்பட்டும். இன்றைக்கே மாற்றிக்கொள்ள நான் தயார்.

மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? போன ஆடியில், அந்த அம்மன் கோவில் கச்சேரி அன்றைக்கு வந்த காய்ச்சல், மறுபடி வரவில்லையே? அது மாமா ஒத்துக்கொண்ட மேடை. காய்ச்சல் என்று நீ போன் செய்ததால்தான் அவருக்குப் பதில் என் வீட்டுக்காரர் போனார். அதனால் கேட்கிறேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கச்சி
மேரிசெல்வி


இயேசு மரி சூசை துணை

மரக்காணம்
20-7-2024

அன்பு மேரிக்கு,

எல்லோரும் சுகம். உன் கை விறைப்பு எப்படி? வெந்நீர் வைத்துக்கொள்ளேன், அங்கே விறகா இல்லை?

ஆடி பிறந்துவிட்டது. மாமாவுக்கு மேடைக்கு மேல் மேடை. பிரம்மதேசம், திண்டிவனம், வானூர் என்று சுற்றுகிறார். வானத்தில் ஒரு துண்டு மேகம் வந்தாலும் எனக்குக் கூடை கையில் நிற்பதில்லை. போன ஆடியில் அன்றைக்கு மழையில் நனைந்த இரும்புத் தூணில் கரண்ட் இறங்கியிருந்தது. எர்த் சரியாகக் கொடுக்கவில்லை என்றார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, கச்சேரி ஆரம்பிக்கும் முன்பே, உன் வீட்டுக்காரர், ஜெயசீலன் தம்பி, ஸ்பீக்கரை ஏற்றக் கையை வைத்தார், அவ்வளவுதான். அது என் நினைப்பைவிட்டுப் போவதில்லை. இவர் மேடையைவிட்டு வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இன்னொரு எரிச்சலும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? புதுச்சேரி ஆர்க்கெஸ்ட்ரா பாட்டுக்காரி வைஜெயந்தி, இவர் சவுண்டு மிக்ஸர் பிடித்தால்தான் பாடுவேன் என்கிறாளாம். இவர் அதைப் பெருமையாக வந்து என்னிடமே சொல்கிறார். அவள் 'அண்ணே' என்று கூப்பிடுகிற நீட்டலை நீ கேட்டிருக்கிறாயே.

நான் போய் சிவஞானத்தைக் கூப்பிட்டேன். ஆமாம், நானேதான். அவர் ஒன்றும் குத்திப் பேசவில்லை, பாரத்தை எடுத்து வைத்தார். 'தொழில்' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. மேடையில் கரண்ட் வேலை, உயரத்தில் ஏறுகிற வேலை என்றால் கூடுதலாகக் கட்டச் சொல்வார்கள், சில சமயம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள், உப்பளத் தொழிலாளி என்று போட்டுவிடலாம் என்கிறார். உப்பளத்துக்கும் இவர் போகிறவர்தானே, பொய்யில்லையே. உன் வீட்டுக்காரர் என்னவென்று எழுதினார்? சீக்கிரம் பதில் போடு.

சவரி


ஜமுனாமரத்தூர்
28-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இதை அவசரமாக எழுதுகிறேன், தபால்காரர் காத்திருக்கிறார்.

உப்பளத் தொழிலாளி என்று எழுதாதே. என் வீட்டுக்காரரிடமும் சிவஞானம் அப்படித்தான், பெட்டிக்கடை என்று போடலாம் என்றார். இவர் கேட்கவில்லை. "நான் சாவுறதா இருந்தா பெட்டிக்கடையிலயா சாவப்போறேன்? செய்யிற வேலைய எழுதுங்க" என்றார். கூடுதலாகத்தான் கட்டினோம்.

பாலிசி போட்டு மூன்று வருஷம் முடியாமல் ஆள் போனால் கம்பெனியில் விசாரிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார்கள். சம்பளச் சீட்டு கேட்டார்கள், இல்லை. முதலாளி யார் என்றார்கள், இல்லை. வேலைக்கு அத்தாட்சி கேட்டார்கள். பெட்டிக்கடை என்று எழுதியிருந்தால் பெட்டிக்கடைக்காரன் ஸ்பீக்கர் தூணில் என்ன செய்தான் என்று கேட்டுப் பைலை மூடியிருப்பார்கள்.

மாமாவை உண்மையைச் சொல்லச் சொல். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லட்டும்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி வருஷ நினைவுப் பூசைக்கு வருகிறேன். அன்றே திரும்பிவிடுவேன்.

மேரிசெல்வி


இயேசு மரி சூசை துணை

மரக்காணம்
25-8-2024

அன்புத் தங்கச்சிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அமலி வளர்ந்துவிட்டாள். அவள் பல்லைக் காட்டிச் சிரிக்கும்போது அவள் அப்பன்தான்.

நீ வந்தாய், பூசை பார்த்தாய், போய்விட்டாய். உனக்காகக் கோழி அடித்து வைத்திருந்தேன். என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட நீ குடிக்கவில்லை. போகட்டும். கோவில் வாசலில் அத்தனை பேர் நடுவில் மாமாவைப் பார்த்து, "அன்னைக்கு உங்களுக்கு என்னா காய்ச்சல் மாமா?" என்று கேட்டாயே, அதை ஏன் கேட்டாய்? அவர் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

பாலிசி வந்துவிட்டது. நீ சொன்னபடி உண்மையை எழுதினோம், ரத்தமெல்லாம் எடுத்தார்கள், கூடுதல் பிரீமியம்தான். நாமினி என்ற இடத்தில் என் பெயர். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தபோது நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். தொகையைப் பார்த்தேன். அதைப் பார்த்த அந்த ஒரு நொடியில் என் வீட்டுக்கும் டைல்ஸ் போட்டுவிட்டேன், மேரி. கிரில் கேட்டுக்கு என்ன கலர் என்றுகூட யோசித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் பின்னால் இருமினார். பத்திரத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன்.

நான் கெட்டவளா? நீ சொல்.

சவரி


ஜமுனாமரத்தூர்
10-10-2024

அக்காவுக்கு,

நலம். மழை பிடித்துக்கொண்டது, அதனால்தான் தாமதம் என்று எழுத நினைத்தேன். அது பொய். எழுத மனம் வரவில்லை.

நீ கெட்டவளா என்று கேட்டாய். தெரியாது. நீ கனவில் பார்த்த டைல்ஸ் மேல் நான் நிஜத்தில் நடந்திருக்கிறேன், ரொம்பக் குளிரும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பூசை இருக்கிறது, கோழி இருக்கிறது, பாலிசி இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை. கோவில் வாசலில் கேட்டது தப்பென்றால் இதோ கடிதத்தில் கேட்கிறேன், இங்கே யாரும் இல்லை. அன்றைக்கு மாமாவுக்கு என்ன காய்ச்சல்?

மேரிசெல்வி


இயேசு மரி சூசை துணை

மரக்காணம்
3-11-2024

மேரிசெல்விக்கு,

உன் உடம்புக்கும் அமலி உடம்புக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும். நேற்று கல்லறைத் திருநாள். ஜெயசீலன் தம்பி கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைத்து நாலு மெழுகுவத்தி ஏற்றினேன். நீ வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நீ ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்டார்கள்.

வைரல் காய்ச்சல். அந்த ஆடியில் ஊரெல்லாம் இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தது, எங்கேயோ போய்விட்டது. இப்போது திருப்தியா?

நானும் ஒன்று கேட்கிறேன். ஊரில் உன்னைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சாமியார் பிரசங்கத்தில் உன் பெயரைச் சொல்கிறார். பேங்கில் உன்னை உட்காரவைத்துப் பேசினார்களாம். நான் பத்தொன்பது வயதில் கூடை எடுத்தவள், இன்னும் இறக்கவில்லை. என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. பணமும் உனக்கு, பரிதாபமும் உனக்கு. இதற்கு மேலும் என்னிடமிருந்து ஒரு பதிலையும் வாங்கப் பார்க்கிறாய்.

இதை அனுப்பக்கூடாது என்று தோன்றுகிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

சவரி


ஜமுனாமரத்தூர்
6-12-2024

அக்காவுக்கு,

புயல் மரக்காணம் பக்கம்தான் கரை ஏறியது என்று இங்கே சிஸ்டர்கள் பேப்பரில் படித்துக் காட்டினார்கள். உப்பளமெல்லாம் கடலாகிவிட்டது, நம் தெருவில் கூரைகள் போய்விட்டன என்று சாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். உங்கள் வீட்டுத் தகரமும் போய்விட்டதாமே. நீங்கள் ஐந்து நாளாகப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறீர்களாமே. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

இதோடு சாமியாருக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதைக் காட்டிச் சாவியை வாங்கிக்கொள். கூரை போடுகிறவரைக்கும் நம் வீட்டிலேயே இருங்கள். அரிசி டின் சமையலறைப் பரணில் இருக்கிறது. புதுப் பாய்கள் இரண்டு இருக்கின்றன. தெற்கு அறையில் அவர் சட்டைகள் இருக்கின்றன, அந்த அறையை மட்டும் திறக்க வேண்டாம்.

போன கடிதத்தில் நீ எழுதியதற்குப் பதில் இப்போது இல்லை.

மேரிசெல்வி


இயேசு மரி சூசை துணை

உன் வீட்டிலிருந்து
29-12-2024

மேரிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. நீயும் அமலியும் கிறிஸ்துமஸுக்கு என்ன சாப்பிட்டீர்களோ.

இருபது நாளாக உன் வீட்டில் இருக்கிறேன். வந்த முதல் நாள் டைல்ஸைக் காலால் தடவித் தடவிப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருக்கிறது. கூடத்தில் தம்பியின் படம் மாட்டியிருக்கிறாயே, அதற்குக் கீழேதான் நாங்கள் சாப்பிட உட்கார வேண்டியிருக்கிறது, வேறு இடமில்லை. மாமா முதல் நாளே தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். இன்றுவரைக்கும் படியில்தான் சாப்பிடுகிறார். நேற்று நான் சத்தம் போட்டேன், உள்ளே வந்து உட்காருங்கள் என்று. அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீ சொன்ன பொய்யில நான் உயிரோட இருக்கேன் சவரி. அவன் மூஞ்சிக்கு நேரா எப்டி சோறு துன்றது?"

காய்ச்சல் இல்லை, மேரி. அன்றைக்கு அவருக்கு ஒன்றுமே இல்லை. காலையில் எழுந்து குளித்து, புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றார். வைஜெயந்தி வருகிற மேடை. எதற்குப் புதுச் சட்டை என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. போனால் நானும் பிள்ளைகளும் கிணற்றில் என்றேன். செருப்பை எடுத்து ஒளித்தேன். உன் வீட்டுக்கு நான்தான் போன் போட்டேன்: "மாமாவுக்குக் காய்ச்சல், நீ போ தம்பி." அவர் மறுபேச்சு பேசவில்லை. "உடம்ப பாத்துக்கச் சொல்லுக்கா, நான் போறேன்" என்றார்.

சாயங்காலம் செய்தி வந்தபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இவர் போகவில்லை, நல்லவேளை. உன் நினைவு அதற்கப்புறம்தான் வந்தது.

அப்புறம் உனக்குப் பணம் வந்தது. அதைப் பார்த்து வயிறு எரிந்தபோது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. உன்மேல் பொறாமைப்படுகிறவரைக்கும் உனக்கு நான் செய்ததை நினைக்க வேண்டியதில்லை.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சவரி


மரக்காணம்
26-1-2025

அன்பு மேரிக்கு,

உங்கள் இருவர் சுகத்துக்கும் தினமும் ஜெபம் சொல்கிறேன். கூரை போட்டுவிட்டோம், பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். உன் வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்தாயிற்று. தெற்கு அறையைத் திறக்கவில்லை.

என் கடுதாசி கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சவரி


ஜமுனாமரத்தூர்
23-2-2025

அக்காவுக்கு,

அமலி நன்றாகப் படிக்கிறாள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கால் வெடிப்பு ஆறியதா? உப்பளத்தில் தண்ணீர் வடிந்து பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டார்களா?

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுக் கிழித்தேன். மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்து வைத்து மறுபடி படித்தேன்.

எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அக்கா. நீ போன் வைத்ததும் இவர் சட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் சிரித்தார். "மாமாவுக்குக் காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. பாட்டுக்காரி வர்றாளாம், உங்கக்காவுக்குத்தான் ஜுரம்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் உன் வாயால் கேட்க வேண்டும் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். நீ சொன்ன அன்றைக்கு உன்னைக் கொல்லலாம் என்றிருக்கும், இல்லாவிட்டால் மன்னித்துவிடலாம் என்றிருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. வெறும் களைப்பாக இருந்தது.

நீ சொன்னதால் நானும் சொல்கிறேன். மேகம் கறுத்திருப்பதை அவர் பார்த்தார். "மழை வரும்போலக்குது, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அந்த வாரம்தான் நீ ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தாய். எல்லோரையும் கூப்பிட்டு ஐஸ் தண்ணீர் கொடுத்தாய். நான் அவரிடம் சொன்னேன்: "அக்கா வீட்டுக்கு ஃப்ரிட்ஜே வந்துடுச்சி. நீங்க மேகத்தப் பாத்துக்குனு இருங்க." அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ பொறாமையில் ஒருவரை நிறுத்தினாய், நான் பொறாமையில் ஒருவரை அனுப்பினேன். இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். விசாரணை நடந்தபோது மேடையில் இருந்த ஆண்கள் ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. விழாக் கமிட்டிக்குப் பயந்து, அவர் யாரென்றே தெரியாது என்றார்கள். இன்சூரன்ஸ்காரர்களிடம் போய், பல வருஷமாக எங்களுக்கு மைக் செட் போட்டவர், வேலை செய்யும்போதுதான் செத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் வைஜெயந்தி. அதனால் அவளுக்கு அப்புறம் அந்தப் பக்கம் மூன்று மேடை கைவிட்டுப் போனது. உன்னிடம் இதை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீ அவளை நினைத்து எரிந்துகொண்டே இரு என்று விட்டுவிட்டேன்.

மாமா படியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த இடத்தில் நின்றுவிட்டேன். அவரை உள்ளே உட்கார்ந்து சாப்பிடச் சொல். நான் சொன்னதாகச் சொல்.

தவக்காலம் தொடங்குவதற்குள் ஒரு தடவை இங்கே வா. திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ், அங்கிருந்து போளூர், போளூரிலிருந்து மலைக்கு வண்டி உண்டு. கடைசி வண்டியை விட்டுவிடாதே. ஒரு போர்வை எடுத்துக்கொள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. அமலி உன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்கிறாள்.

மாமாவைக் கூட்டி வராதே. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி உன் பையை வாங்கிக்கொண்டு உன் பக்கத்தில் நடந்து வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் முடியாது. முடிகிறபோது நானே எழுதுகிறேன். அதுவரைக்கும் நீ தனியாக வா.

உன் தங்கச்சி
மேரிசெல்வி